பொழுது சாய்ந்தால் மூடும் இணையதளம்

எங்கள் வீட்டில் இணையதளம் என்ற பேச்சை முதலில் எடுத்தவள் நான்தான். என் வீட்டுக்காரருக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. அவருக்கு உப்புப் பாத்தி போதும், பாத்திக்குத் தண்ணீர் இறைக்கிற டீசல் இன்ஜின் போதும், இன்னும் எத்தனை நாள் வெயில் காயும் என்று வானத்தை அண்ணாந்து பார்த்துச் சொல்கிற கணக்கு போதும். எனக்குத்தான் வாய் நீளம், மூக்குக்கு மேலே கோபம். நடந்ததெல்லாம் அந்த இரண்டாலும்தான் நடந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரையும் குறை சொல்லி எழுதிவிடக் கூடாது.

மரக்காணத்து உப்பளத்தில் எங்களுக்குச் சொந்தமாக ஒரு சாண் இடம் கிடையாது. புதுச்சேரியில் இருக்கும் ஒருவருடைய பாத்திகளை வருஷக் குத்தகைக்கு எடுத்துப் பாடுபட்டோம். தை மாதம் முடிவதற்குள் எண்பதாயிரம் ரூபாய் கொடுத்தால் அந்த வருஷமும் பாத்தி எங்களுடையது. இல்லையென்றால் யார் கொடுக்கிறார்களோ அவர்களுடையது. பதினேழு வருஷம் தவறாமல் கொடுத்தோம். மாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை வாரிய உப்பைக் குவித்து, மழை வருவதற்குள் கீற்றுப் போட்டு மூடிவிடுவோம். ஏஜென்ட் வந்து மூட்டைக்கு இவ்வளவு என்று விலை சொல்லி எடுத்துக்கொண்டு போவார். அவர் சொல்வதுதான் விலை.

அந்த வருஷம் அறுநூறு மூட்டைக்கு உப்பு குவிந்து கிடந்தது. முந்தின வருஷம் மூட்டை இருநூற்று முப்பதுக்கு எடுத்தவர், இந்தத் தடவை நூற்றைம்பது என்றார்.

"இன்னாங்க, இப்பிடிச் சொன்னா எப்பிடிங்க? குத்தகைக்கே பத்தாதே" என்றார் இவர்.

"ஏம்பா, இஷ்டம்னா குடு. இல்லன்னா உன் உப்ப நீயே வச்சி ஊறுகா போடு" என்று சொல்லிவிட்டு பைக்கை ஸ்டார்ட் செய்தார் ஏஜென்ட். போகிற போக்கில், "குத்தகை கட்ட முடியலன்னா சொல்லு, நான் பாத்துக்கறேன்" என்று ஒரு வார்த்தை. அவருக்கு எங்கள் பாத்தி மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண்.

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். நூற்றைம்பதுக்கு அறுநூறு மூட்டையும் போட்டால் தொண்ணூறாயிரம். குத்தகை போக மிச்சம் பத்தாயிரம். அதில் டீசலா வாங்குவது, அரிசியா வாங்குவது?

அதற்கு முந்தின வாரம்தான், கீழ்புத்துப்பட்டுத் தாண்டி புதுச்சேரிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, ரோட்டோரக் கடை ஒன்றில் கண்ணாடிப் பாட்டிலில் கல்லுப்பைப் பார்த்தேன். கழுத்தில் சணல் கயிறு கட்டி, கயிற்றில் ஒரு சின்ன அட்டை. விலையைக் கேட்டேன். நாங்கள் ஒரு மூட்டைக்கு வாங்கும் காசை அவர்கள் ஒரு பாட்டிலுக்குக் கேட்டார்கள். அட கடவுளே! என் வீட்டுக்காரர் காலில் வெடிப்பு விழ, கண் பூத்துப்போக வாரிய உப்பு. எங்க ஊர் உப்புதானே இது என்று கேட்டேன். கடைக்காரப் பெண், "ஆமாங்க, ஆன்லைன்லயும் கிடைக்கும்" என்றாள்.

அதுதான் என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பாதி உப்பை ஏஜென்ட்டுக்குப் போடுவோம், வருகிற நாற்பத்தைந்தாயிரத்தில் ஓர் இணையதளம் போட்டு, பையும் வாங்கி, மீதிப் பாதியை நாமே விற்போம் என்று இவரிடம் சொன்னேன். ஐந்து கிலோ பை நூற்றைம்பது ரூபாய். கொரியர் செலவு வாங்குகிறவர்களுடையது. ஒரு அறுநூறு பை விற்றால் குத்தகை நம் கையில்.

"அறுநூறு பையா? யாரு வாங்குவாங்க?" என்றார்.

"பாட்டில்ல வாங்குறவங்க பையில வாங்க மாட்டாங்களா?" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் குவியலைப் பார்த்தார். "நீ சொன்னா சரி" என்றார். அவர் அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது என்று எனக்கு இப்போது கோபம் வருகிறது. அப்போது பெருமையாக இருந்தது.

பஜாருக்குப் பின்னால் பள்ளிவாசல் தெருவில் ஒரு பெண் வீட்டிலிருந்தே இணையதளம் செய்து கொடுக்கிறாள் என்று மருந்துக் கடையில் சொன்னார்கள். முப்பது வயசு இருக்கும். புருஷன் துபாயில் ஏசி மெக்கானிக். முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் அவள் மாமியாரின் தையல் மிஷின். நான் போன அன்று பக்கத்துத் தெரு பிரியாணிக் கடைக்கு மெனு போட்டுக்கொண்டிருந்தாள். என்னை உட்காரவைத்து டீ கொடுத்து, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, "அக்கா, உங்ககிட்ட எவ்ளோ இருக்குது, அதைச் சொல்லுங்க மொதல்ல" என்று கேட்டாள்.

"முப்பது" என்றேன். பை வாங்கவும், அயோடின் கலக்கிற இடத்தில் கொடுத்து வாங்கவும், உணவு லைசென்ஸுக்கும் மீதி பதினைந்து வேண்டும்.

அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி எழுதினாள். கடைப் பெயரைப் பதிய வருஷத்துக்கு ஆயிரம். அது நிற்கிறதுக்கு இடவாடகை நாலாயிரம். வடிவமைப்பு பதினாலாயிரம். போட்டோ எடுக்க ஐயாயிரம். பணம் வாங்குகிற வசதி நாலாயிரம். கடைசியாக ஆறாயிரம், யார் யார் வந்தார்கள், எதை எடுத்தார்கள், எங்கே வாங்காமல் திரும்பினார்கள் என்று மாதாமாதம் எழுதிக் கொடுப்பதற்கும், வாங்காமல் போகிறவர்கள் போன் நம்பரை விட்டுவிட்டுப் போக ஒரு பெட்டி வைப்பதற்கும். மொத்தம் முப்பத்தி நாலு.

நான் மீன் வாங்குகிற மாதிரி பேரம் பேசினேன். போட்டோ எதுக்கு, என் போனிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று ஐயாயிரத்தை அடித்தேன். சரி என்றாள். இருபத்தொன்பதுக்கு வந்தது. அதோடு எழுந்து வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்" என்றேன். "வெளக்கு வச்சதுக்கு அப்புறம் யாரும் உப்பு வாங்க முடியாத மாதிரி செய்யணும்."

அவள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "எங்க வீட்லயும் பக்கத்துல உள்ளவங்க ராத்திரில உப்பு கேட்டா தரமாட்டாங்கக்கா, தெரியும். ஆனா இது கையில குடுக்கறது இல்லியே. காசு மட்டும்தான் கட்டுறாங்க. நீங்க காலையிலதான அனுப்பப் போறீங்க?"

"வித்தா வித்ததுதாம்மா."

"ஜனங்க வேலைக்குப் போய்ட்டு வந்து, சாப்ட்டு, அப்புறம்தான் போனைக் கையில எடுக்கறாங்க. ஏழு மணிலேர்ந்து பதினொண்ணு வரைக்கும்தான் வியாபாரமே. பிரியாணிக் கடைக்கே அப்பிடித்தான்."

"பிரியாணி வேற, உப்பு வேற" என்றேன்.

இது எல்லாரும் செய்கிற வழக்கம்தான். எங்கள் பக்கத்தில் உப்பு லட்சுமி. பொழுது சாய்ந்து விளக்கு வைத்துவிட்டால் வீட்டிலிருந்து உப்பை வெளியே விடமாட்டோம். உப்பளத்தில் இன்னும் கண்டிப்பு, லாரியில்கூட அதற்குள் ஏற்றி முடித்துவிடுவார்கள். ஆனால் நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் வழக்கம் மட்டும் இல்லை. பெருமுக்கல்லிலிருந்து நான் கல்யாணமாகி வந்த முதல் வருஷம், சித்திரை மாதம், ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி குழம்பு கொதிக்கிறது என்று கிண்ணத்தோடு வந்து நின்றாள். ஒரு கை உப்பை அள்ளிப் போட்டேன். புதுப் பெண், இல்லை என்று சொல்லக் கூச்சம். மறுநாள் கோடை மழை கொட்டித் தீர்த்தது. வாரப் பக்குவமாக விளைந்து நின்ற உப்பு பாத்தி பாத்தியாகக் கரைந்தது. என் மாமியார் அதை மறக்கவே இல்லை. பாத்தி உடைந்தாலும் நான்தான், விலை இறங்கினாலும் நான்தான், எனக்கு முதல் பிள்ளை தங்காமல் போனதும் அந்த ஒரு கை உப்பால்தான். சாகிற வரைக்கும் சொன்னாள். எனக்கு அதில் நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், தெரியாது. இன்னொரு தடவை யாரும் என்னை அப்படிச் சொல்லிவிடக் கூடாது என்கிற பயம் மட்டும் இருந்தது.

"சரிக்கா, தினம் ஆறு மணிக்கு மூடிக்கற மாதிரி சும்மாவே போட்டுத் தர்றேன்" என்றாள் அந்தப் பெண்.

"தினம் ஆறு மணிக்கா பொழுது சாயுது? கார்த்திகையில அஞ்சரை, அஞ்சே முக்காலுக்கே இருட்டிடும். சித்திரையில ஆறரை ஆவும்."

"தினம் சூரியன் இறங்கற நேரத்தைப் பாத்து மூடணும்னா அதுக்குத் தனியா வேலை இருக்குதுக்கா. அஞ்சாயிரம் ஆவும்."

"போடு" என்றேன்.

மறுபடியும் முப்பத்தி நாலு. என்னிடம் இருப்பது முப்பது. தாளைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத சாமானாக எது இருக்கிறது என்று தேடினேன். கடைசி வரி அந்த ஆறாயிரம். யார் வந்தால் எனக்கென்ன, வாங்கினால் போதாதா? அதன் மேல் நானே பேனாவால் ஒரு கோடு இழுத்தேன். இருபத்தெட்டில் நின்றது. முப்பதுக்கு உள்ளேயே முடித்து இரண்டாயிரம் மிச்சம் பிடித்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்து இவரிடம் பீற்றிக்கொண்டேன். இவர் பொழுது சாய்ந்தால் மூடுகிற விஷயத்தைக் கேட்டதும், "இந்தாமே, அது எதுக்கு? ராத்திரில வர்றவன் வந்துட்டுப் போறான், நாம எங்க கையில குடுக்கறோம்?" என்றார். உப்பிலேயே பிறந்து உப்பிலேயே வளர்ந்த மனுஷன். அவருக்கே அந்தப் பயம் இல்லை.

"உங்க அம்மா பேசுன பேச்சு உங்களுக்கென்ன தெரியும்" என்றேன். மாமியார் பேச்சை எடுத்தால் எங்கள் வீட்டில் எப்போதுமே நான்தான் ஜெயிப்பேன்.

ஐப்பசியில் இணையதளம் திறந்தது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வெள்ளைக் குவியல், பின்னால் நீலமாக வானம், நான் எடுத்த போட்டோதான். பொழுது சாய்ந்ததும் வாங்குகிற பட்டன் சாம்பல் நிறமாகிவிடும். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதிய வாசகம் மேலே வரும்: 'விளக்கு வைத்தாயிற்று. உப்பு நாளைக் காலையில்.' முதல் நாள் அது தானாக மாறியதைப் பார்த்து நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பைத்தியக்காரி.

முதல் வாரம் ஏழு பை. இவர் தங்கச்சி இரண்டு, என் தம்பி ஒன்று, மற்றது தெரியாதவர்கள். அடுத்த வாரம் நாலு. கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. அளம் முழுக்கத் தண்ணீர், வேலை ஒன்றும் இல்லை. இவர் குவியல் மேல் போட்ட கீற்றைச் சரிசெய்துவிட்டு வந்து வாசலில் உட்கார்வார். நான் காலையிலிருந்து சாயங்காலம் வரை போனைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். பையில் உப்பை நிரப்பி, வாய் ஒட்டி, வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். இருநூறு பை.

"வந்துச்சா?" என்பார் இவர்.

"வரும்" என்பேன்.

மார்கழி பிறந்தபோது மொத்தம் ஐம்பதைத் தாண்டவில்லை. தைக்கு ஒரு மாதம்தான். இவர் ராத்திரிச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் இரண்டு கத்திவிட்டு ஆறியிருப்பேன். சொல்லாததால் எல்லாம் உள்ளேயே கொதித்தது. யார் மேலாவது கொட்ட வேண்டியிருந்தது. அந்தப் பெண் இருந்தாள்.

ஒரு நாள் காலையில் குடையை எடுத்துக்கொண்டு நேராகப் பள்ளிவாசல் தெருவுக்குப் போனேன். கதவைத் தட்டினேன். போனும் கையுமாக வெளியே வந்தாள். "வாங்கக்கா, நானே உங்களுக்குப் போன் பண்ணணும்னு இருந்தேன். ஒரு விஷயம் காட்டணும், உள்ள வாங்க…"

"உள்ள என்னாத்துக்கு? இங்கயே பேசலாம்" என்று தெருவில் நின்றபடியே ஆரம்பித்தேன். இருபத்தெட்டாயிரம் வாங்கிக்கொண்டு ஒன்றுக்கும் ஆகாத தகரத்தைத் தலையில் கட்டிவிட்டாய் என்றேன். என் புருஷன் சோறு தின்னாமல் கிடக்கிறான் என்றேன். ஜன்னல்கள் திறந்தன. பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பார்க்கப் பார்க்க எனக்கு ஏறியது. நாக்கில் நரம்பில்லாமல் ஒன்று சொன்னேன். "புருஷன் அனுப்புற துபாய் காசு பத்தலியா? எங்க வயித்துல வேற அடிக்கணுமா?"

அவள் முகம் சுண்டிப்போனது. உள்ளிருந்து அவள் மாமியார் எட்டிப் பார்த்தார். போனை இடுப்புப் பக்கமாக இறக்கிக்கொண்டாள். ரொம்ப மெதுவாக, "அக்கா, சாயங்காலம் மூடறதை மட்டும் எடுத்துடட்டுமா? காசு வேணாம், இப்பவே எடுத்துடறேன்" என்றாள்.

"ஓ, இப்ப என் மேல பழி போடறியா? அதுக்கும் அஞ்சாயிரம் வாங்கினல்ல? அது அப்பிடியே இருக்கட்டும், தொட்டீன்னா தெரியும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். நடக்கும்போது உடம்பு லேசாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்று மத்தியானம் நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

தை கடைசியில் ஏஜென்ட் வந்தார். பழைய உப்பு, நிறம் மங்கிவிட்டது, மூட்டை நூறு என்றார். பேரம் பேச எங்களுக்கு வாய் இல்லை. இருபத்தொன்பதாயிரம் சொச்சம் கையில் வந்தது. பை விற்ற காசையும் சேர்த்துக் கொண்டுபோய் இவர் புதுச்சேரியில் அந்த உரிமையாளர் வீட்டில் நின்றார். பங்குனி வரைக்கும் தவணை கேட்டார். அவர் நல்ல மனுஷன்தான், காபி கொடுத்து, "ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? நேத்துதான் இன்னொருத்தர் மொத்தமா கட்டிட்டார்" என்றாராம். மொத்தமாகக் கட்டியது யார் என்று சொல்லவே வேண்டாம்.

மாசியில் பாத்திகளை மிதித்துத் தயார் செய்ய ஏஜென்ட்டுக்கு ஆள் தேவைப்பட்டது. அந்தப் பாத்தியின் மண் எந்த மூலையில் இளகும், எந்த வரப்பு சீக்கிரம் உடையும் என்று இவரைவிட யாருக்குத் தெரியும்? ஆள் அனுப்பிக் கேட்டார். இவர் போனார். பதினேழு வருஷம் தன் பாத்தி என்று நினைத்து வாரிய இடத்தில் தினக்கூலிக்கு வாருபலகையை இழுத்தார். முதல் நாள் வேலைக்குப் போகும்போது என் முகத்தைப் பார்க்காமல், "கூலின்னா சாயங்காலமே காசு கைக்கு வந்துடும், இல்ல?" என்றார். நான் அடுப்படிக்குள் போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன்.

பங்குனி பாதியில் ஒரு நாள், மத்தியானத்துக்கு மேல், அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் எதிர்பார்க்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். புருஷனிடமிருந்து விசா வந்துவிட்டது, அடுத்த வாரம் துபாய் போகிறேன், வேலை செய்து கொடுத்த எல்லாருடைய பாஸ்வேர்டையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். ஒரு காகித உறையை நீட்டினாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பாய் போட்டேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள்.

உறைக்குள் இரண்டு தாள். ஒன்றில் பாஸ்வேர்ட். இன்னொன்றில் ஆங்கிலத்தில் வரிசை வரிசையாக ஏதோ.

"இது என்னா?"

"நீங்க வேணாம்னு அடிச்ச அந்தக் கடைசி வரிக்கா. போன் நம்பர் பெட்டி இல்லாம, கணக்கை மட்டும் நான் சும்மாவே போட்டு வச்சிருந்தேன். நமக்கும் தெரிஞ்சிருக்கட்டும்னு."

விரலை வைத்து ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். எந்தத் தேதி, எந்த ஊர், கூடையில் எத்தனை பை, எத்தனை மணி. மணி எல்லாம் ஏழரை, எட்டே கால், ஒன்பது, பத்து. கூடையில் பையைப் போட்டுக்கொண்டு வாங்குகிற பட்டன் வரைக்கும் வந்து, விளக்கு வைத்தாயிற்று என்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினவர்கள். சென்னையில் யாரோ ஒருவர் கூடையில் நூறு பை போட்டு வைத்துக்கொண்டு நாலு ராத்திரி அடுத்தடுத்து வந்திருக்கிறார். ஹோட்டலாக இருக்கும் என்றாள். ஐந்தாவது நாள் வரவில்லை.

"எல்லாரும் நிச்சயமா வாங்கியிருப்பாங்கன்னு சொல்ல முடியாதுக்கா. திரும்பத் திரும்ப வந்தவங்கள ஒரு தடவதான் கணக்குல சேத்தேன்" என்றாள். அடியில் கூட்டிப் போட்டிருந்தாள். நானூற்றுப் பத்துப் பை.

எனக்குப் பெருக்கல் வேகமாக வரும். அறுபத்தோராயிரத்து ஐந்நூறு. அதோடு ஏஜென்ட் கொடுத்தது. பையும் அயோடினும் போனாலும் குத்தகை வந்திருக்கும். பாத்தி எங்களுடையதாக இருந்திருக்கும்.

"ஏம்மா, இத எனக்கு அப்பவே காட்டியிருக்கக் கூடாதா?" என்றேன். கேட்கும்போதே குரல் ஏறியது. அந்த நேரத்திலும் எனக்குக் கோபம்தான் வந்தது, பாருங்கள்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "காட்ட வந்தேன்க்கா. அன்னைக்கு போன்ல எடுத்து வச்சிக்கிட்டுதான் வெளிய வந்தேன். நீங்க தெருவுல நின்னுட்டீங்க" என்றாள். குத்திக்காட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்த அந்தக் காலை எனக்கு முன்னால் வந்து நின்றது. இன்னும் ஒரு நிமிஷம் அவளைப் பேச விட்டிருந்தால் போதும். மார்கழி முழுக்கக் கையில் இருந்தது.

மன்னிச்சிடும்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் இவர் வந்துவிட்டார். சீக்கிரம் வேலை முடிந்திருக்கிறது. முழங்கால் வரை சேறு காய்ந்து வெளுத்திருந்தது. அவளைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாம்மா, நல்லா இருக்கியா? ஊட்ல எல்லாம் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு என் மடியில் கிடந்த தாளைப் பார்த்தார். "இன்னா அது?"

அவள் என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். சொல்லியிருக்கலாம். இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்த மனுஷன், அடிக்கப் போகிறாரா, திட்டப் போகிறாரா? ஆனால் என் மாமியார் குரல் காதுக்குள் கேட்டது. உன்னாலதான், உன்னாலதான் என்று.

"பாக்கிங்க" என்றேன். "வெப்சைட்டுக்குக் கொஞ்சம் பாக்கி நிக்குதாம். ஊருக்குப் போவுதாம் இந்தப் பொண்ணு, அதான் கேட்டுட்டுப் போக வந்திருக்குது."

எப்படி என் வாயில் அது வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே செத்திருப்பேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"எவ்ளோம்மா?" என்றார் இவர்.

"பரவால்லண்ணா, இருக்கட்டும்" என்றாள்.

"அதெல்லாம் இல்ல. நீ ஒழைச்ச காசு." சட்டைப் பையிலிருந்து அன்றைய கூலியை எடுத்தார். ஒரே ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு, ஓரத்தில் ஈரம். "இப்ப இவ்ளோதான் இருக்குது. மீதிய ஒங்க மாமியார்கிட்ட குடுத்துடறேன். அக்கா கோவத்துல ஏதாவது பேசியிருந்தா மனசுல வச்சிக்காத. அவ அப்பிடித்தான், ஆனா கெட்டவ இல்ல."

வாங்காதே என்று கத்த வேண்டும்போல் இருந்தது. வாங்காமல் விட்டால் நான் சொன்னது பொய் என்று ஆகிவிடும், அதுவும் அவளுக்குத் தெரிந்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "நல்லபடியாப் போய்ச் சேரணும்னு துஆ பண்ணுங்கண்ணா" என்று அவரிடம் சொன்னாள். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். அடுத்த வாரம் விமானம் ஏறிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். மீதி என்று இவர் இரண்டு தடவை பணம் கொண்டுபோனதையும், அவள் மாமியார் எதற்கு என்றே புரியாமல் விழித்ததையும் இவரே வந்து சொன்னார். பாவம், வயசானவங்க, மறந்துட்டாங்க போல, கையில வச்சிட்டு வந்துட்டேன் என்றார்.

இவருக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும், ஆங்கிலம் ஒன்றும் தெரியாது. அதனால் அந்தத் தாளை நான் ஒளித்து வைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அலமாரியில் ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன வாரம் வேறு எதையோ தேடும்போது அது இவர் கையில் வந்தது. பிரித்து, வரிசையாக இருந்த எண்களை மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தார்.

"இது அந்தப் பொண்ணு குடுத்ததுதான?" என்றார். "கடன அடைச்சதுக்கு அத்தாட்சி. பத்திரமா வை."